வீட்டையும் சேமிப்பையும் அறத்துக்கு எழுதிவைத்தல்: உயிலா, செட்டில்மென்ட்டா, கட்டளையா, சொந்த டிரஸ்ட்டா?

தம் காலத்துக்குப் பிறகு சொத்தில் ஒரு பங்கையோ முழுவதையுமோ முதியோர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ சேர்ப்பிக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் வரியைப் பற்றித்தான். இந்தியாவில் அந்தக் கவலைக்கு இடம் குறைவு. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-லேயே நீக்கப்பட்டது. உயில் வழியாகவோ தானமாகவோ சொத்து கைமாறுவதால் கொடுத்தவருக்கு மூலதன ஆதாய வரியும் விழுவதில்லை. அறத்துக்கு எழுதிவைத்தால் வாரிசுகள் கட்டும் வரி குறையும் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் போடப்படும் கணக்கு இங்கே எழுவதே இல்லை. ஆகவே இங்குள்ள வழிகளை ஒப்பிடும்போது மூன்று கேள்விகளே மிஞ்சுகின்றன: எழுதிய பின் மனம் மாற இடமுண்டா, இன்று கையிலிருந்து எவ்வளவு செலவாகும், நாம் இல்லாத நாளில் இதை முன்நின்று முடித்துவைக்கப் போகிறவர் யார். மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் இரண்டைப் பற்றி மட்டும் யோசித்து எழுதப்பட்ட பத்திரங்களே பின்னால் நீதிமன்றப் படியேறுகின்றன என்பது என் கருத்து.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. கும்பகோணத்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் ரூபாய். வங்கி வைப்பில் 25 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 10 லட்சம், கொஞ்சம் நகை, மாதாமாதம் ஓய்வூதியம். தம் ஊரிலேயே உள்ள ஆதரவற்ற பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு எல்லாம் போய்ச்சேர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் எதுவும் எழுதாமல் காலமானால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குவதே சரி. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவரும் பிள்ளைகளும் இல்லாத இந்துப் பெண்ணின் சுயசம்பாத்தியம் முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். அவருடைய சொந்தத் தாய் தகப்பன்கூட அதற்கு அடுத்த வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர் முகம்கூடப் பார்த்திராத, கணவர் வழி உறவினர் ஒருவர் வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்கலாம். குழந்தைகள் இல்லத்துக்குச் செங்கல் ஒன்றுகூடக் கிடைக்காது.

உயிலும் செட்டில்மென்ட்டும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். மற்றவை துணை வழிகள்.

உயிலின் பெரிய பலம், எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதற்குச் சக்தி இல்லை என்பதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வீட்டை விற்க நேர்ந்தால் இல்லத்தின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்துமே. பதிவு கட்டாயமல்ல, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைப்பவர், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் பதிவுச் சட்டத்தில் வழியுண்டு. இந்த வசதியைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது வியப்புக்குரியது.

உயிலின் பலவீனம், அதை மெய்ப்பிக்க வேண்டிய நாளில் எழுதியவர் இருக்கமாட்டார் என்பதில் இருக்கிறது. வழக்கென்று வந்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரர் தம்மையொத்த இரு நண்பர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்வது நம்மூர் வழக்கம். பத்தாண்டு கழித்து உயில் வெளிவரும்போது மூவருமே இல்லாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். நாற்பது வயதுக்குட்பட்ட இருவரையும், இயன்றால் ஒரு மருத்துவரையும், இல்லத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களாகப் பார்த்துச் சாட்சியாக்குவதே அறிவுடைமை. பயன்பெறப் போகும் நிறுவனத்தின் செயலாளரே உயிலை எழுதி, அவர் அலுவலகத்திலேயே கையெழுத்தும் வாங்கியிருந்தால், உறவினரின் வழக்கறிஞருக்கு அதைவிட இனிய செய்தி வேறில்லை. சந்தேகத்துக்குரிய சூழ்நிலை ஏதும் இருந்தால் அதைத் துடைத்துக் காட்டும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்பது உச்ச நீதிமன்றம் 1959-லேயே தெளிவாக்கிய சட்டநிலை.

செட்டில்மென்ட் அல்லது தானப் பத்திரம் இதற்கு நேர்மாறு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவு கட்டாயம். இரண்டு சாட்சிகள் வேண்டும். கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அப்படி முடிந்த பின், மனம் மாறிவிட்டது என்பதற்காகத் தன்னிச்சையாக ரத்துப் பத்திரம் பதிய முடியாது. கொடுத்தவரே உயிரோடிருந்து ‘ஆம், நான்தான் கொடுத்தேன்’ என்று சொல்லும் நிலை இருப்பதால், உறவினர்கள் வழக்குப் போடுவது அரிது. போட்டாலும் நிற்பது அதனினும் அரிது. உறுதி என்ற அளவுகோலில் உயில் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

விலையைப் பார்த்தால் கதை மாறுகிறது. மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மென்ட் எழுதுகையில் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடுதான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. இந்தச் சலுகை குடும்பத்துக்குள் மட்டுமே. குழந்தைகள் இல்லம் குடும்பமல்ல. அதற்கு எழுதினால் வெளியாருக்குக் கிரயம் செய்வதைப் போலவே, தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு ஆகிறது. நம் ஆசிரியையின் 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். தரும காரியத்துக்கு எழுதும்போது அரசாங்கம் இவ்வளவா கேட்கும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் திகைத்துப் போகிறவர்கள் உண்டு. அதே வீட்டை உயிலில் எழுதினால் தீர்வை ஒரு ரூபாயும் இல்லை.

‘என் ஆயுள் பரியந்தம்’ என்ற வாசகம்

வீட்டைக் கொடுத்துவிட்டு எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு, ஆயுட்கால அனுபவ உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டு செட்டில்மென்ட் எழுதுவது நல்ல விடை. சுவாதீனத்தை உடனே ஒப்படைக்காவிட்டாலும், பதிவும் ஏற்பும் இருந்தால் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியிருக்கிறது. ஆசிரியை கடைசிவரை அதே வீட்டில் இருக்கலாம், மாடியை வாடகைக்கு விட்டுச் சாப்பிடலாம். உரிமை மட்டும் இன்றே இல்லத்தின் பெயருக்குப் போய்விடுகிறது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்திர எழுத்தர்கள் பழைய படிவத்தை எடுத்து, ‘என் ஆயுள் பரியந்தம் நானே சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொண்டு, என் காலத்துக்குப் பின் மேற்படி நிறுவனம் அடைந்துகொள்ள வேண்டியது’ என்று எழுதித் தலைப்பில் ‘செட்டில்மென்ட் பத்திரம்’ என்று போட்டுவிடுவார்கள். அந்த வாசகத்தில் உரிமை இன்று கைமாறவில்லை; இறந்த பிறகுதான் மாறுகிறது. தலைப்பு என்னவாக இருந்தாலும் உள்ளடக்கத்தைப் பார்த்தே நீதிமன்றம் முடிவுசெய்யும் என்பதால், அது உயிலாகக் கருதப்படும். கொடுத்த 5 லட்சத்து 40 ஆயிரமும் வீண், உறுதியும் கிடைக்காது. ‘மேற்படி சொத்தின் உரிமையை இன்றே தங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன், என் ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் மட்டும் எனக்கு உரிமை உண்டு, விற்கவோ அடமானம் வைக்கவோ எனக்கு உரிமை இல்லை’ என்ற கருத்து பத்திரத்தில் ஐயத்துக்கிடமின்றி இருக்க வேண்டும். இல்லத்தின் சார்பில் அதிகாரம் பெற்றவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்திடுவதும், மூலப் பத்திரங்களை அவரிடம் ஒப்படைத்ததைக் குறிப்பிடுவதும் அவசியம்.

அப்படியானால் எது மேல்? உறவினர்கள் சண்டைக்கு நிற்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், 9 விழுக்காட்டைக் காப்பீட்டுக் கட்டணமாக நினைத்து ஆயுள் உரிமையோடு கூடிய செட்டில்மென்ட்டே எழுதலாம். மற்ற எல்லாருக்கும் உயிலே மேல் என்பேன். முதுமையில் வரும் மருத்துவச் செலவை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அன்றைக்கு விற்றுச் செலவழிக்க ஒரு வீடு மிஞ்சியிருப்பது தருமத்துக்கு விரோதமல்ல.

உயிலில் வாசகம் அமைக்கும்போது, ‘இல்லத்துக்கு 10 லட்சம் ரூபாய், மீதி தங்கை மகளுக்கு’ என்று எழுதுவதைவிட, ‘எஞ்சியதில் இத்தனை விழுக்காடு’ என்று எழுதுவது இரு தரப்புக்கும் நியாயமாக அமையும். குறிப்பிட்ட தொகை பத்தாண்டில் தேய்ந்துபோகும், அல்லது சொத்து கரைந்திருந்தால் மற்றவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இல்லத்தின் பெயரைப் பதிவு எண்ணோடும் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணோடும் எழுதுவதும், அது மூடப்பட்டிருந்தால் அதே நோக்கமுள்ள வேறு எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று குறிப்பதும், உயிலை நடத்திவைக்கும் பொறுப்புள்ள நிறைவேற்றுநரின் தலைவலியைப் பாதியாகக் குறைக்கும்.

மத வாரியாகச் சில வேறுபாடுகள் உண்டு. இந்துக்கள் சுயசம்பாத்தியத்தை முழுவதும் எழுதிவைக்கலாம். பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். தமிழ்நாட்டில் 1989-லிருந்தே மகள்களும் பங்குதாரர்கள் என்பதை மறந்து எழுதிய உயில்கள் ஏராளம். இஸ்லாமியர், வாரிசுகளின் சம்மதமின்றி, கடன்களும் இறுதிச் செலவுகளும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. அதற்கு மேல் கொடுக்க நினைப்பவர் வாழ்நாளிலேயே ஹிபாவாகவோ (தானம்) வக்பாகவோ (அறத்துக்கென நிரந்தரமாக ஒதுக்குதல்) கொடுக்க வேண்டும். நெருங்கிய உறவினர் உள்ள கிறித்தவர் அறத்துக்கு எழுதும் உயில், அவர் இறப்பதற்குக் குறைந்தது ஓராண்டு முன்னதாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றிருந்த, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003-இல் செல்லாதென அறிவித்துவிட்டது. ஆயினும் அந்தத் தடை இன்னும் இருப்பதாக நினைத்துத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

நாமினி என்னும் குறுக்குவழி

உயில் எழுதும் தொல்லை வேண்டாம், வங்கியில் நாமினியாக இல்லத்தின் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. வங்கி வைப்புக்குத் தனிநபரைத்தான் நாமினியாக நியமிக்க முடியும். நிறுவனத்தை நியமிக்க முடியாது. இல்லத்தின் தலைவர் பெயரைப் போட்டால், பணம் அவர் கைக்குத் தனிமனிதராகவே போகும், அதுவும் வாரிசுகளுக்காக வைத்திருப்பவராக. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி உரிமையாளர் அல்லர் என்பதை ஆயுள் காப்பீட்டைப் பொறுத்து 1983-இலும், பங்குகளைப் பொறுத்து 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் அற நோக்கமுள்ள டிரஸ்ட்டை நாமினியாகப் போட விதிகள் இடம்தருகின்றன. அங்கும், உயிலில் அதே திசையில் ஒரு வரி இருந்தால்தான் பணம் சிக்கலின்றி இல்லத்தில் தங்கும். நாமினி என்பது பணம் விரைவாக வெளியே வருவதற்கு மட்டுமே பயன்படுவது.

காப்பீட்டுப் பாலிசியை இல்லத்தின் பெயருக்கு முழு உரிமை மாற்றம் செய்து கொடுப்பது இதைவிட உறுதியானது. எனினும் அறத்துக்கென்றே புதிதாகப் பாலிசி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிரீமியத்தை ஆண்டுதோறும் நேரடியாகக் கொடுத்தால் இல்லத்துக்கு இன்றே அரிசியாகும்.

வாழ்நாளில் கொடுப்பதும் கட்டளை வைப்பும்

பணமாக இப்போதே கொடுப்பவர்களுக்கு வருமான வரிக் கழிவு உண்டு. 80ஜி என்று நாம் பழகிய சலுகை அதுதான். அதன் அளவைப் பெரிதாக எண்ணிவிடக் கூடாது. பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. வீடு, நகை, பங்குகள், பொருள்கள் எதற்கும் இல்லை. கையில் ரொக்கமாகக் கொடுப்பதில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கும் இல்லை. பெரும்பாலான தனியார் அற நிறுவனங்களுக்குக் கொடுப்பதில், வருமானத்தில் 10 விழுக்காடு வரையுள்ள தொகையே கணக்கில் எடுக்கப்பட்டு, அதிலும் பாதியே கழிக்கப்படும். 6 லட்சம் ரூபாய் ஆண்டு வருமானமுள்ளவர் 5 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தாலும் சுமார் 60,000 மட்டுமே கணக்கில் வந்து, 30,000 கழிவாகும். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லவும் முடியாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு இதுவும் கிடையாது. ஆகவே கழிவு வேண்டுமென்பவர் பழைய முறையில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பதே பொருத்தம். அப்படிக் கொடுப்பதில் வேறொரு நன்மை இருக்கிறது: பணத்தை இல்லம் எப்படிச் செலவிடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு வீட்டை எழுதலாம்.

நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த வடிவம் கட்டளை. ஒரு தொகையை முதலாக வைத்து, வட்டியில் ஆண்டுக்கொரு நாள் அன்னதானமோ, முதல் மதிப்பெண் பெறும் மாணவிக்குப் பரிசோ, நினைவுநாளில் அபிஷேகமோ நடக்கச் செய்வது. பெயர் நிலைக்கும், முதல் கரையாது என்பது இதன் கவர்ச்சி. கரையாதது எண்ணிக்கை மட்டுமே என்பதுதான் சிக்கல். வட்டி 10 விழுக்காடாக இருந்த நாளில் 10,000 ரூபாய் வைத்தவருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் வந்தது. அன்றைக்கு அது ஒரு கூடத்துக் குழந்தைகளுக்குப் பாயசத்தோடு சாப்பாடு போட்டிருக்கும். இன்று 6.5 விழுக்காட்டில் வருவது 650 ரூபாய். அதில் வாழை இலையும் அப்பளமும் வாங்கலாம். வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்றும், குறித்த காரியம் இயலாதபோது நிறுவனமே அதையொத்த காரியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் இரண்டு வரிகளை எழுதாத கட்டளை, ஒரு தலைமுறைக்குள் கல்வெட்டில் மட்டுமே மிஞ்சும். நிபந்தனையற்ற உயில் கொடையோடு ஒப்பிட்டால் இது பல படி கீழே.

சொந்த டிரஸ்ட்

சொத்துள்ளவர்களிடம் ‘உங்கள் பெயரிலேயே ஒரு டிரஸ்ட் தொடங்கிவிடலாம்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவைத்துவிடுகிறார். பதிவுசெய்வது எளிது, பின்னால் வருவதுதான் பாரம். வருமான வரி விலக்குப் பதிவு, அதைக் காலம்தோறும் புதுப்பித்தல், தணிக்கை, ஆண்டுக் கணக்குத் தாக்கல், அனுமதிக்கப்பட்ட இனங்களில் மட்டுமே முதலீடு, அறங்காவலர் ஒருவர் இறந்தால் அடுத்தவரை நியமித்தல் என்று முடிவற்ற வேலை. மகாராஷ்டிரத்தில் உள்ளதுபோலப் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அற ஆணையர் தமிழ்நாட்டில் இல்லை. நிர்வாகம் கெட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ் யாராவது வழக்குத் தொடுக்க வேண்டும். 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அஃபிஷியல் டிரஸ்டி என்ற அரசு அலுவலகத்தை அறங்காவலராக நியமிக்கவும் வழியுண்டு. கவனித்துக்கொள்ள மனிதரே இல்லாதவருக்கு அது கடைசிப் புகலிடம்.

நிறைவேற்றுபவர் யார் என்ற கேள்வியின் கனத்தைப் பச்சையப்ப முதலியாரின் உயிலைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை. 1794-இல் காலமான அவர் பெருஞ்செல்வத்தைக் கோயில் அறங்களுக்கென எழுதிவைத்தார். பணம் பொறுப்பிலிருந்தவர்கள் கையில் சிக்கி, சென்னையில் அன்றிருந்த சுப்ரீம் கோர்ட் தலையிட்டு மீட்டு, உபரித் தொகையில் கல்விக்கு வழிபிறந்து, அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842-இல். மாறாக, அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தாம் இருக்கும்போதே கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் நிறுவனம் திறக்கப்பட்டது. அழகப்பரிடம் இருந்த செல்வமும் செல்வாக்கும் நம்மிடம் இல்லைதான். ஆனால் ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து கொடுப்பதற்குச் செல்வாக்கு வேண்டியதில்லை. ஓரிரு கோடிக்குக் குறைந்த சொத்துக்குத் தனி டிரஸ்ட் என்பது, கணக்குத் தணிக்கையாளரைப் போஷிக்கும் தருமமாகவே முடியும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர் கொடுத்தால், பிறந்தது தஞ்சாவூராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நிதி; 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ பெற்ற நிறுவனம் மட்டுமே, புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கு வழியாக அதை வாங்கலாம். ஊரிலுள்ள சிறிய இல்லங்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவு இருப்பதில்லை. உயில் எழுதும் முன் அதைக் கேட்டறிவது கட்டாயம்.

இனி நம் ஆசிரியைக்கு வருவோம். கணவர் வழியில் சண்டைக்கு நிற்பவர் யாரும் தெரியாதவரை, வீட்டுக்கு அவர் பதிவுசெய்த உயிலே எழுதலாம். வைப்பும் நகையும் மியூச்சுவல் ஃபண்டும் அதே உயிலில் ‘எஞ்சியவை’ என்ற பிரிவுக்குள் வரட்டும். மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் இல்லத்தின் டிரஸ்ட்டை நாமினியாகவும் போட்டுவைக்கலாம். ஓய்வூதியத்தில் மிஞ்சுவதிலிருந்து மாதம் ஒரு தொகையை இப்போதே இல்லத்துக்கு அனுப்பத் தொடங்க வேண்டும். நிறைவேற்றுநராக இல்லத்தைச் சேர்ந்தவரை நியமிக்காமல், தம்மிடம் படித்து இன்று வழக்கறிஞராகவோ வங்கி அதிகாரியாகவோ இருக்கும், தம்மைவிட இருபது முப்பது வயது இளையவர் ஒருவரிடம் சம்மதம் கேட்டு நியமித்து, அவர் செலவுக்கும் உழைப்புக்கும் உயிலிலேயே ஒரு தொகையை ஒதுக்குவது நல்லது. மூலப் பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் எங்கே இருக்கின்றன, எந்த வங்கியில் எந்தக் கணக்கு என்பதை ஒரு தாளில் எழுதி, உயிலின் நகலோடு அவரிடமே கொடுத்துவைக்கலாம். அந்தத் தாளை ஆண்டுக்கொரு முறை, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் வாரத்திலேயே, திருத்திக்கொடுத்தால் மறந்துபோகாது.